கோயில் காசில் பின்னேர வகுப்பு: எதில் தொடங்குவது?

வவுணதீவுப் பெடியன்:
எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் திருவிழாச் செலவு போகக் கொஞ்சம் காசு மிஞ்சியிருக்கிறது. ரியூசனுக்குப் போக வசதியில்லாத பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த விருப்பம். கட்டடம் போடவா, ஆசிரியருக்குக் கொடுக்கவா?

கல்லடி டீச்சர்:
தம்பி, கட்டடம் வேண்டாம், கோயில் மண்டபமே போதும். பசியோடு வரும் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது, அதனால் முதலில் அவித்த கடலையோ கஞ்சியோ கொடுங்கள், பிறகு கொப்பி. பெரும்போக நெல் வெட்டுக் காலத்தில் தாய் தகப்பன் வயலுக்குப் போனால் மூத்த பிள்ளைதான் சின்னதுகளைப் பார்க்கவேண்டும், அந்த நாட்களில் தம்பி தங்கச்சியையும் கூட்டிவரச் சொல்லுங்கள். அப்புறம், யானை வரும் பக்கம் என்றால் இருட்டுமுன் விட்டுவிடுங்கள்.

காரைதீவான்:
விபுலானந்த அடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். 1892இல் எங்கள் ஊரில் பிறந்தவர், ராமகிருஷ்ண மிஷன் துறவியாகி 1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். துறவு பூண்டும் பள்ளிக்கூடத்தை விடவில்லை அவர்.

சாய்ந்தமருது வாப்பா:
நாங்கள் ஸக்காத்தாக, அதாவது மார்க்கக் கடமையாக, சேமிப்பில் 2.5 சதவீதம் கொடுக்கிறோம். அது ஏழைக்குரிய உரிமை, நம்முடைய தயவு இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், பிள்ளைகளின் கையில் பையைக் கொடுத்துப் படம் எடுத்துப் போடாதீர்கள். சின்ன வயதில் என்னை அப்படி நிற்கவைத்தார்கள், அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகவே கால் வரவில்லை.

வவுணதீவுப் பெடியன்:
சரி நானா, படம் எடுக்கமாட்டோம். கஞ்சியில் தொடங்குகிறோம் டீச்சர்.