அகராதி ஆட்டத்தில் பொய்யாக எழுதிய பொருள் நிஜமாகிவிட்டால் யாருக்குப் புள்ளி?

இட்டேரி:
ஏனுங்க, ஒரு பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு வேணும். போன வாரம் மாரியம்மன் நோம்பிக்குக் காங்கேயம் பக்கம் அம்மிச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) ஊருக்குப் போயிருந்தோம். ஒறம்பரை மட்டும் பதினைந்து பேர். ராத்திரி கரண்ட் போய்விட்டது, போன்களிலும் சார்ஜ் இல்லை, சரி என்று வாசலில் கட்டிலைப் போட்டு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அகராதி ஆட்டம் ஆடினோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் யாருக்கும் தெரியாத சொல் ஒன்றைச் சொல்வார். மற்றவர்கள் அதற்கு நிஜம் போலவே இருக்கிற பொய்ப் பொருளைச் சீட்டில் எழுதித் தரவேண்டும். அவர் நிஜப் பொருளையும் ஒரு சீட்டில் எழுதி, எல்லாவற்றையும் கலக்கி வாசிப்பார். எது நிஜம் என்று ஆளுக்கு ஒரு ஓட்டு. நிஜத்துக்கு ஓட்டுப் போட்டால் ஒரு புள்ளி, நம் பொய்யை எத்தனை பேர் நம்பினார்களோ அத்தனை புள்ளி, ஒருத்தருமே நிஜத்தைப் பிடிக்காவிட்டால் சொல் சொன்னவருக்குப் புள்ளி.

பெரிய மாமா தமிழ் வாத்தியார். அவர் முறை வந்ததும் 'எகின்' என்றார். பெரியம்மா 'மாட்டுக்கு நாக்கில் வருகிற நோய்' என்று எழுதினார், நான் 'கைத்தறியில் பாவை இழுத்துப் பிடிக்கும் கட்டை' என்று எழுதினேன். சின்ன மாமன் பையன், பத்தாவது படிக்கிறவன், எழுதியது 'புளியமரம்'. வாசித்ததும் எல்லாரும் சிரித்துவிட்டோம், ஏனென்றால் எதிரே களத்து மேட்டில் ஒரு புளியமரம் நிற்கிறது, அவன் அதைப் பார்த்தே எழுதியிருக்கிறான். ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. நிஜப் பொருள் அன்னப்பறவை என்று மாமா சொன்னார், அதற்கும் யாரும் ஓட்டுப் போடவில்லை, புள்ளி அவருக்கு. அந்த ஒரு புள்ளியில்தான் எங்கள் அணி தோற்றது. பந்தயப்படி அடுத்த நாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் குந்தி, கறிக்குழம்பு காய்ந்து ஒட்டிக் கிடந்த அண்டாவைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு விளக்கினது நானும் அந்தப் பையனும். விரலெல்லாம் சுருங்கிப் போச்சு.

திருப்பூர் வந்து, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இருக்கிறதே, அதில் சும்மா தட்டிப் பார்த்தால் எகின் என்றால் புளியமரமும்தான் என்று போட்டிருக்கிறது! குடும்ப வாட்சப் குழுவில் இரண்டு நாளாக ஓரியாட்டம். பையனுக்குப் புள்ளி உண்டா இல்லையா? இன்னொன்று, எந்த மாதிரிச் சொல் எடுப்பது என்றும் சொல்லுங்கள். வட்டாரச் சொல் எடுத்தால் அம்மிச்சி ஜெயிக்கிறார், சங்கச் சொல் எடுத்தால் மாமா ஜெயிக்கிறார், எங்களுக்கு அண்டாதான் மிச்சம்.

பவானிக்கரை:
புள்ளி உண்டுங்க, சந்தேகமே வேண்டாம். இந்த ஆட்டத்தை 1984-இல் கனடாவில் 'பால்டர்டேஷ்' என்று பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தார்கள், அதன் விதியிலேயே நிஜப் பொருளைக் கிட்டத்தட்ட எழுதிவிட்டவருக்குத் தனியாகப் புள்ளி உண்டு. அதற்கும் முன்னால் 1965-லேயே பிபிசியில் 'கால் மை பிளஃப்' என்று ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தது, அதில் அணிக்கு மூன்று பேர், ஒரே சொல்லுக்கு மூன்று பேரும் மூன்று பொருள் சொல்வார்கள், ஒன்றுதான் நிஜம். தமிழில் ஆடும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். நம்முடைய பழைய அகராதிகளான நிகண்டுகளில், திவாகரத்திலும் சூடாமணியிலும், ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்ல என்றே ஒரு தொகுதி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அதனால் கண்ணை மூடிக்கொண்டு எதை எழுதினாலும் எங்காவது போய் நிஜத்தில் இடித்துக்கொள்ளும். சொல் சொல்கிறவர் எல்லாப் பொருளையும் பார்த்துவிட்டு வரவேண்டும், பாதியைப் பார்த்துவிட்டு வந்தால் அது அவர் தப்பு.

பழைய_வாத்தி:
மாமா தமிழ் வாத்தியார் என்றால் மன்னிப்பே கிடையாது. இந்த இரண்டு எகினும் குழம்பக்கூடாது என்றுதான் தொல்காப்பியத்தில் அடுத்தடுத்து இரண்டு நூற்பா இருக்கிறது. 'எகின் மரமாயின் ஆண்மர இயற்றே' என்று முதலாவது. அதாவது மரமானால் நடுவில் அம் வரும், எகினங்கோடு, நம் பேச்சில் சொன்னால் புளியங்கொம்பு. அடுத்ததே 'ஏனை எகினே அகரம் வருமே', பறவையானால் எகினக்கால், அதாவது அன்னத்தின் கால். சொற்கள் சேரும் புணர்ச்சிப் பாடம் எடுத்த யாருக்கும் இது தெரிந்திருக்கும். பையன் தெரியாமல் பிடித்தாலும் புளியங்கொம்பாகத்தான் பிடித்திருக்கிறான்.

நான்_சொல்றேன்:
இதை ஒத்துக்க முடியாது. ஒரு ஓட்டுக்கூட வாங்காத சீட்டுக்கு எதுக்குப் புள்ளி? ஆட்டமே அடுத்தவரை நம்ப வைப்பதுதான். பார்த்த மரத்தை எழுதினான், மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான். எதிரே எருமை நின்றிருந்தால் எருமை என்று எழுதியிருப்பான்.

ஒடக்கான்:
பஞ்சாயத்து உங்கள் பாடு, நான் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், கோபியில் நாங்கள் நாலைந்து வருசமாக இதை ஆடுகிறோம். பார்த்ததும் வேர் தெரிகிற சொல்லை எடுக்காதீர்கள். அதைவிட நல்லது, தப்பான வேரைக் காட்டி ஏமாற்றுகிற சொல். 'ஓதி' என்று ஒருமுறை கொடுத்தேன். ஓதுவார், மந்திரம் ஓதுகிறவர், பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை என்று எல்லாரும் அதே பாதையில் போனார்கள். கூந்தலுக்கும் அந்தப் பெயர் உண்டு என்பதால் நான் சீட்டில் இரண்டாவது பொருளைப் போட்டேன்: ஓணான். நம் ஊர் ஒடக்கானேதான், நான் இங்கே பெயர் வைத்திருப்பதும் அந்த வெற்றியில்தான். 'ஆம்பி'யும் அப்படி. யாருக்குமே காளான் என்று தோன்றாது, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கருவிக்கும் அதே பெயர் என்று சொன்னால் ஏற்றம் இறைத்த தாத்தாவே நம்பமாட்டார்.

ஆனால் எங்கள் வீட்டில் இதுவரை ஜெயித்ததிலேயே பெரிய சொல் எது தெரியுமா, 'கொங்கு'. ஊர்ப் பெயரைத் தவிர வேறு பொருள் எழுதுங்கள் என்று கொடுத்தேன். மேட்டு நிலம் என்றார்கள், மேற்குத் திசை என்றார்கள், கோணலான ஏதோ என்றார்கள். பிறந்ததிலிருந்து கொங்கு, கொங்கு என்று பேசிக்கொண்டிருக்கிற பதினோரு பேரில் ஒருத்தரும் தேன், பூந்தாது என்பதற்கு ஓட்டுப் போடவில்லை. 'கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி' என்று குறுந்தொகை இரண்டாம் பாட்டை எல்லாரும் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள்தான்.

பொய் எழுதுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். அழகாக எழுதாதீர்கள், அகராதி அழகாக எழுதாது. 'மாலையில் மேயப் போன ஆடு திரும்பும்போது எழும் தூசி' என்று எழுதினால் உடனே தெரிந்துவிடும், இது நம்ம அக்கா எழுதினது என்று. 'பூண்டுவகை' என்று ஒற்றைச் சொல்லில் எழுதிப் பாருங்கள், இரண்டு ஓட்டு நிச்சயம். இன்னும் துணிச்சல் இருந்தால் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'பிங்.' என்று போடுங்கள், பிங்கல நிகண்டில் இருக்கிறது என்று அர்த்தம். என் தம்பி அப்படிப் போட்டே ஒரு வருசம் ஜெயித்தான், அப்புறம் எல்லாரும் போட ஆரம்பித்து அந்த வித்தையே செத்துப் போனது. கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள், அதனால் வாசிக்கிறவர் சீட்டை மடியிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

அம்மிச்சி விசயத்துக்கு மருந்து கிடையாதுங்க. பொடக்காலி, தொண்டுபட்டி, அட்டாலி எல்லாம் அவர்கள் தினமும் புழங்குகிற இடம். அவர்களையே சொல் சொல்ல வைத்துவிடுங்கள்.

பவானிக்கரை:
@நான்_சொல்றேன் ஓட்டு வாங்கினதுக்குப் புள்ளி கேட்கவில்லை, நிஜத்தை எழுதினதுக்குத்தான் கேட்கிறோம். இரண்டும் வேறு வேறு கணக்கு.

இட்டேரி:
எல்லாருக்கும் நன்றிங்க. எகினங்கோடு விசயத்தை அப்படியே குழுவில் போட்டேன். மாமா ஒரு மணி நேரம் பதிலே போடவில்லை, நீல டிக் மட்டும் விழுந்தது. அப்புறம் 'பையன் முன்னாலேயே அகராதியைப் பார்க்கவில்லை என்று எப்படி நம்புவது' என்று கேட்டார். சார்ஜே இல்லாத போனில் எங்கே பார்ப்பது என்று பெரியம்மா திருப்பிக் கேட்டார். அம்மிச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விசாரித்தோம். "மரத்த மரம்னு சொன்ன பையனப் போயி அண்டா வெளக்க வெச்சீங்களா, அடுத்த நோம்பிக்கு வாத்தியாரு வெளக்கட்டும் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். மாமா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அத்தை ஒரு கட்டை விரல் போட்டிருக்கிறார்.

@ஒடக்கான், 'கொங்கு' சொல்லை எடுத்துக்கொள்கிறேன், கோவிச்சுக்காதீங்க.

ஒடக்கான்:
எடுத்துக்கோங்க. மாமாவிடம் மட்டும் கொடுக்காதீர்கள், அவர் குறுந்தொகையோடு வந்து நிற்பார்.