ஜாவாவில் வயாங் வோங்: எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

கேள்வி: நிலாமதி

ஆகஸ்டில் நானும் அம்மாவும் யோக்யாகர்த்தா போகிறோம். பிரம்பனான் ராமாயண நாட்டியத்துக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஆனால் நான் ரொம்ப நாளாகப் பார்க்க ஆசைப்படுவது அரண்மனைகளில் வளர்ந்த வயாங் வோங் நாட்டிய நாடகத்தை. யூடியூபில் சில பதிவுகள் பார்த்தேன். அர்ஜுனன் வருகிறான், நிற்கிறான், கையைத் தூக்கவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறான். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. எதிரே ஒரு அரக்கன் மட்டும் துள்ளிக்கொண்டே இருக்கிறான். மகாபாரதம் தெரியும், சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். பாதி புரியவில்லை. பிரம்பனானோடு நிறுத்திக்கொள்ளலாமா? இல்லை, இதையும் தேடிப் போய்ப் பார்க்கலாமா? பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்? அம்மாவுக்கு முட்டி வலி, தரையில் உட்கார முடியாது.

பதில்: கடலோடி

நான் பிரம்பனான் மட்டும்தான் பார்த்தேன், மனசு நிறைந்துவிட்டது. மழையில்லாத மாதங்களில் திறந்தவெளி மேடை, பின்னால் விளக்கொளியில் கோயில் கோபுரங்கள். வசனமே கிடையாது, அதனால் மொழி ஒரு தடையில்லை. அனுமன் காட்சியில் நிஜமாகவே தீ வைக்கிறார்கள். மற்றதெல்லாம் மணிக்கணக்கில் ஜாவா மொழி வசனம். அம்மாவை வைத்துக்கொண்டு எதற்குச் சிரமம்?

பதில்: சோலோவாசி

கடலோடி, இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். நிலாமதி, பிரம்பனானைப் பாருங்கள், அருமையாக இருக்கும். ஆனால் அது 1961-ல் பெரிய கூட்டத்துக்காக, வெளிநாட்டவருக்கும் விளங்கும்படி வசனத்தை எடுத்துவிட்டு அமைத்த வடிவம். நீங்கள் கேட்பது வேறு.

நான் சோலோவில் ஒரு நெசவு ஆலையில் வேலை பார்க்கிறேன். சுரகர்த்தா என்று பலகையில் எழுதியிருக்கும், ஊரில் எல்லோரும் சோலோ என்றுதான் சொல்வார்கள். என் மகள் இங்கே ஒரு நாட்டியப் பள்ளியில் படித்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய்வந்ததில்தான் எனக்கு இந்தக் கலை பிடிபட்டது.

கொஞ்சம் பின்கதை. 1755-ல் மாதராம் அரசு யோக்யாகர்த்தா, சுரகர்த்தா என்று இரண்டாக உடைந்தது. யோக்யாகர்த்தாவின் முதல் சுல்தான் ஹமங்குபுவோனோ காலத்திலேயே அங்கே வயாங் வோங் ஆடியிருக்கிறார்கள். தோல்பாவைக் கூத்தின் கதைகளும் நடைகளும் மனித உடம்பில் ஏறிய ஆட்டம் இது. உச்சம் என்றால் எட்டாவது ஹமங்குபுவோனோ காலம், 1921 முதல் 1939 வரை. காலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்று வரை ஆட்டம், அதுவும் மூன்று நான்கு நாள் தொடர்ந்து. முந்நூறு நானூறு பேர் ஆடுவார்களாம். பெண் வேடமும் ஆண்களுக்குத்தான். இன்று நீங்கள் பார்க்கும் கிரீடமும் உடையும் தோல்பாவையைப் பார்த்து ஒழுங்குக்கு வந்தது அந்தக் காலத்தில்தான்.

சரி, எதைப் பார்ப்பது? முகத்தை விடுங்கள். காலையும் கையையும் பாருங்கள். இதில் பாத்திரத்தின் குணம் முழுக்க நிற்கிற விதத்திலும் நடக்கிற விதத்திலும் இருக்கிறது. யோக்யா பாணியில் ஒவ்வொரு குணத்துக்கும் தனி அசைவு வகை உண்டு. அர்ஜுனனுக்கு இம்புர்: அடக்கம், பணிவு, கால் தரையை விட்டு அதிகம் எழும்பாது. பீமனுக்கும் கடோத்கஜனுக்கும் கம்பெங்: கை அகலமாக விரியும், கால் உயரமாகத் தூக்கும், ஆனால் நேர்மையான வலிமை, அலட்டல் இருக்காது. துச்சாதனன் மாதிரி ஆட்களுக்கு பாபாங், பார்த்தாலே திமிர் தெரியும். ஆக, ஒருவன் மேடையில் நாலு அடி வைத்ததுமே ஜாவாக்காரர்களுக்கு அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடும், பெயர் சொல்லவே வேண்டாம்.

முகம் அசையாததும் கண் ஒரே இடத்தில் நிலைத்திருப்பதும் பயிற்சியால் வருவது. மகளின் ஆசிரியை ஒரு நாள் வகுப்பில் அவள் தோளைப் பிடித்து அழுத்திச் சொன்னார்: "கோபம் உள்ளே இருக்கட்டும், வெளியே கொட்டாதே." கிரெகெத் என்று அவர்கள் சொல்லும் அந்த உள்வேகம் இல்லாமல் மெதுவாக ஆடினால் அது வெறும் மந்தம். இருந்தால், அசையாமல் நிற்கிறவனிடமிருந்து கண்ணை எடுக்க முடியாது.

நீங்கள் சொன்ன துள்ளுகிற அரக்கன் சாக்கில் என்ற பாத்திரமாக இருக்கும். கீழ்த்தாடை நீண்டு, கோரைப்பல் வெளியே துருத்தி, கீச்சுக்குரலில் பேசுபவன். நம் மகாபாரதத்தில் அவன் கிடையாது. பெரும்பாலும் கதையின் நடுக்கட்டத்தில் வரும் சண்டையில் அர்ஜுனனையோ வேறு ஒரு இளவரசனையோ வழிமறிப்பான். அவன் குட்டிக்கரணம் போடுவான், பாய்வான், கத்துவான். இளவரசன் தோளை லேசாகத் திருப்பி விலகுவான், அவ்வளவுதான். கடைசியில் சாக்கில் சாவது தன் சொந்தக் குறுவாளால். யார் பலசாலி என்று ஜாவாக்காரர்கள் எப்படி நினைக்கிறார்கள் என்பதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. எனக்கு இதைவிடப் பிடித்த காட்சி கிடையாது.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். டக், டக் என்று ஒரு மரப்பெட்டியைத் தட்டும் சத்தம் வரும். அதுதான் கெப்ராக். ஆட்டக்காரர் கிளம்ப, நிற்க, வேகம் மாற எல்லாவற்றுக்கும் அதுதான் சைகை. கமெலான் என்ற வெண்கல வாத்தியக் குழுவின் மத்தளமும் அதுவும் பேசிக்கொள்வதைக் கவனித்தால் மெதுவான இடம்கூட அலுக்காது.

எங்கே என்றால், யோக்யா அரண்மனையின் ஸ்ரீமங்கந்தி மண்டபத்தில் காலை வேளைகளில் கமெலான், ஆட்டம் என்று நாளுக்கு நாள் நிகழ்ச்சி மாறும். ஆட்டம் எந்த நாள் என்று வாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். முழு நாடகம் வேண்டுமென்றால் சோலோ வாருங்கள். ஸ்ரீவெதாரி அரங்கத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வயாங் ஓராங் நடக்கிறது, வயாங் வோங்குக்கு இந்தோனேசிய மொழியில் அதுதான் பெயர். ஞாயிறு விடுமுறை, மற்ற நாள் இரவு எட்டு மணி வாக்கில் தொடங்கும். யோக்யாவிலிருந்து மின்சார ரயில், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

நிலாமதி:

மிக்க நன்றி! இரண்டு சந்தேகம். ஸ்ரீவெதாரியும் அரண்மனை ஆட்டமும் ஒன்றா? அப்புறம், கதையில் நான் குழம்பாமல் இருக்க என்ன தெரிந்திருக்க வேண்டும்?

சோலோவாசி:

வேர் ஒன்று. சோலோவில் உள்ள மங்குநெகரன் அரண்மனை 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பணமுடையில் மாட்டியபோது, கான் காம் என்ற சீன வணிகர் வயாங் வோங்கை டிக்கெட் விற்று ஆடும் தொழிலாக வெளியே கொண்டுவந்தார். திரையும் வரைந்த பின்னணியும் சேர்ந்தது இப்படித்தான். அரண்மனையில் பக்கங்கள் திறந்த மண்டபத்தில் ஆடுவார்கள், இங்கே முன்பக்கம் மட்டும் திறந்த மேடை. அர்ஜுனன் வேடத்தில் இங்கே பெண்கள் ஆடுவதும் உண்டு, நளினம் அப்படி அமைகிறது.

கதையில் இவ்வளவு போதும். இங்கே திரௌபதி தருமனுக்கு மட்டுமே மனைவி. சிகண்டி ஸ்ரீகண்டி ஆகி, வில்லெடுத்துப் போரிடும் பெண், அர்ஜுனனின் மனைவிகளில் ஒருத்தி. கடோத்கஜன் பறக்கும் வீரன், ஜனங்களின் செல்லப்பிள்ளை. ஸ்ரீவெதாரியில் அந்த வேடம் கட்டிய ருஸ்மானை அதிபர் சுகர்னோ தன் மாளிகைக்கே அழைத்து ஆடச் சொல்வார். கடோத்கஜனின் காதலி பெர்கிவாவாக ஆடியவர் ருஸ்மானின் மனைவி டார்சி. இன்றும் சோலோவில் வயதானவர்கள் அந்த ஜோடியைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டார்கள்.

நடுவில் செமாரும் அவன் பிள்ளைகள் மூவரும் வந்து சிரிக்கவைப்பார்கள். செமார் குண்டு வயிற்று வேலைக்காரன், ஆனால் தேவன். அந்தப் பகுதியில் ஊர் நடப்புக் கிண்டல் அதிகம், மொழி தெரியாவிட்டால் நழுவிவிடும். அம்மா அப்போது கொஞ்சம் காலை நீட்டி ஓய்வெடுக்கலாம், ஸ்ரீவெதாரியில் நாற்காலிதான். முன்வரிசை மட்டும் வேண்டாம், மேடை உயரத்தில் பாதங்கள் மறைந்துவிடும். நாலைந்து வரிசை தள்ளி உட்காருங்கள்.