ஓடையோர அரசு நிலத்திலிருந்து வரும் கொடியும் காட்டுப்பன்றியும்: வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவர் என்ன செய்யலாம்?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசி

அனைவருக்கும் வணக்கம். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து, பிறகு துண்டு போட்டு விற்கப்பட்ட நிலத்தில் எங்கள் குடும்பத்துக்கு அரை ஏக்கர் இருக்கிறது. அதில் வாழையும் மரவள்ளியும் போட்டிருக்கிறோம். பின்வேலிக்கு அப்பால் ஓர் ஓடையும் அதன் கரையோர அரசு நிலமும் உள்ளன. அங்கிருந்து மிக்கானியா கொடி வேலியில் ஏறி வாழைக் கன்றுகளை மூடிவிடுகிறது; லாலான் புல் வேலிக்கு அடியால் நுழைகிறது; இருட்டியதும் காட்டுப்பன்றிகள் அந்தப் புதரிலிருந்து இறங்கி மரவள்ளியைக் கிளறிப் போடுகின்றன. ஓர் அலுவலகத்தில் முறையிட்டபோது, அந்த நிலம் தங்கள் பொறுப்பில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணன், வேலிக்கு அப்பாலும் மருந்தடித்து, கம்பியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: தோட்ட மேற்பார்வைப் பணியில் இருந்தவர்

தம்பி, முதலில் அந்த மின்கம்பி யோசனையை அண்ணன் கைவிடட்டும். ஓடைக்கரையில் மீன் பிடிக்க வருபவர்களும் பிள்ளைகளும் நடமாடுவார்கள். பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர்கள் மாண்ட செய்திகளை நம் நாட்டில் படித்திருக்கிறோம். உயிர் போனால் கம்பி கட்டியவர்தான் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும்.

இனி களைக்கு வருகிறேன். மிக்கானியாவின் ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்டால் வேர் விடும். ஆகவே பாராங் கத்தியால் வெட்டி அப்படியே போட்டுவிட்டுப் போனால், ஒரு கொடி இருந்த இடத்தில் பத்துக் கொடி முளைக்கும். பூ வைப்பதற்கு முன்பே வெட்டி, அடிவேரையும் பிடுங்கி, கொடிகளை வாரியெடுத்து, சிமெண்டுத் தரையிலோ தகரத்தின் மீதோ சருகாகும் வரை காய வைக்க வேண்டும். பூத்துவிட்டால், பஞ்சு கட்டிய அதன் விதையைக் காற்று எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

லாலானின் பலம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. ஒரு பிடி மண்ணைத் தோண்டிப் பாருங்கள்: வெள்ளையாக, கணுக்கணுவாக ஓடும் தண்டின் நுனி ஊசிபோல் கூர்ந்திருக்கும், மரவள்ளிக் கிழங்கைக் கூடத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். மேலே வெட்டுவதால் மட்டும் அது சாகாது. எரித்தால் மற்ற செடிகள் கருகி லாலானுக்கே இடம் கிடைக்கும், திறந்தவெளி எரிப்பும் குற்றம். வெட்டிய பின் புதுத் தழை முழங்கால் உயரம் வந்ததும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தால்தான் மருந்து இலைவழியே அடித்தண்டு வரை இறங்கும். அடித்த பிறகு ஏறக்குறைய ஆறு மணி நேரம் மழை பெய்யக் கூடாது. நம் ஊரில் மாலை மழை வழக்கம் என்பதால் காலையிலேயே முடித்துவிடுங்கள். வாழையின் பச்சைத் தண்டில் மருந்து படக் கூடாது. நீர்நிலைக்கு அருகில் எதை, எவ்வளவு தூரத்தில் அடிக்கலாம் என்பதற்குப் புட்டியில் ஒட்டியுள்ள குறிப்பே சட்டம். பழைய பாராகுவாட் களைக்கொல்லிப் புட்டி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அது 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. லாலானுக்கு நிழல் ஆகாது என்பதால், வேலியோரத்தில் வாழையை நெருக்கி நட்டாலே சில பருவங்களில் அது மெலிந்துவிடும்.

பதில் 2: நில விவகாரங்களில் பழக்கம் உள்ளவர்

அந்த நிலம் யாருடையது என்று உறுதி செய்யாமல் அப்பால் கை வைக்க வேண்டாம். உங்கள் கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) உள்ள லாட் எண்ணை, அதாவது நிலத் துண்டின் எண்ணைக் கொண்டு மாவட்ட நில அலுவலகத்தில் வரைபடத்தைக் கேளுங்கள். ஆற்றோர ஒதுக்கு நிலம் என்றால் அதில் ‘ரிசாப் சுங்கை’ என்று இருக்கும். அப்படியானால் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கு எழுத வேண்டும். சாலையோரம் என்றால் பொதுப்பணித் துறை அல்லது நகராண்மைக் கழகம். ஒதுக்காத மாநில அரசு நிலம் என்றால் நில அலுவலகமே பொறுப்பு.

தேசிய நிலச் சட்டத்தின் 425ஆவது பிரிவின்படி, அனுமதியின்றி அரசு நிலத்தைத் துப்புரவாக்குவதும் உழுவதும் வேலியடைப்பதும் பயிரிடுவதும் குற்றமாகும். நல்லெண்ணத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. துறை செய்யாவிட்டால், வேலியை ஒட்டிய ஒரு பட்டையை நாங்களே வெட்டிக்கொள்கிறோம் என்று எழுத்தில் அனுமதி கேளுங்கள். அங்கே பயிர் வைக்க நினைத்தால் தற்காலிக உரிமம் வேண்டும். அது அந்தந்த ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்கு மேல் செல்லாது.

பதில் 3: செம்பனைச் சிறுதோட்ட உரிமையாளர்

காட்டுப்பன்றி 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. உரிமம் இல்லாமல் வேட்டையாடக் கூடாது. கண்ணி வைப்பதும் குற்றம். பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் மாவட்ட அலுவலகத்தில், சேதத்தின் படங்களுடன் புகார் கொடுங்கள். பன்றி வேலியைத் தாண்டுவதைவிட மூக்கால் அடியைக் கிளப்பியே நுழையும் என்பதால், பற்றவைத்த கம்பிவலையின் அடிப்பகுதியை வெளிப்புறமாக மடித்து ஓர் அடி ஆழம் புதைக்க வேண்டும். வலை முழுவதும் உங்கள் எல்லைக்கல்லுக்கு உள்ளேயே இருக்கட்டும். அப்பால் உள்ள புதர் பகலில் அவற்றுக்கு மறைவிடம். அதனால்தான் அந்தப் பட்டைக்கு அனுமதி வாங்குவது முக்கியம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. கடிதத்தை நான் ஒருவனே அனுப்பலாமா, வரிசையில் உள்ள எல்லாரும் சேர்ந்து அனுப்புவது நல்லதா?

பதில் 2: நில விவகாரங்களில் பழக்கம் உள்ளவர்

சேர்ந்தே அனுப்புங்கள், ஐயா. எல்லா லாட் எண்களையும் ஒரே கடிதத்தில் குறிப்பிட்டு, வரைபட நகலையும் இணைத்துவிட்டால், எங்கள் நிலம் இல்லை என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது. கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு உங்கள் நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள்.