குவாலிஸ் வெச்சிருக்கிறவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம்ங்க. ஊர் பொள்ளாச்சி. அப்பா 2003-ல் எடுத்த டொயோட்டா குவாலிஸ் இன்னும் எங்க வாசல்லதான் நிக்குது. வித்துடுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க, அம்மா விடமாட்டேங்கிறாங்க. எனக்கும் மனசு வரல.

வண்டியோட கதையைத் தேடிப் படிச்சா சுவாரசியமா இருந்துச்சு. தறி செஞ்சுட்டிருந்த கம்பெனியில் பிறந்து, 1937-ல் தனி கார் கம்பெனியா ஆனதாம் டொயோட்டா. கோயம்புத்தூர் பக்கத்து ஆளுக்கு இதைக் கேட்டாலே ஒரு சந்தோஷம்! குவாலிஸுக்கு மூலம் இந்தோனேசியாவின் கிஜாங். அந்த ஊர் பாஷையில் ஒரு வகை மான். 2000-ல் இங்கே வந்தது, 2005-ல் இன்னோவா வந்ததும் நிறுத்திட்டாங்க. அஞ்சே வருஷம்தான், ஆனா கல்யாணம், பழனி, சபரிமலைன்னு குவாலிஸ் ஏறாத குடும்பம் எங்க பக்கம் கம்மி.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2.4 லிட்டர் டீசல், டர்போ கிடையாது. இன்ஜின் காலையில் ஒரே சாவியில் பிடிக்குது. ஆனா பல வருஷமா தென்னை மரத்தடியில் மழையில் நின்னதால கதவுகளுக்கு அடியில் துரு. கதவோரத்து ரப்பர் பீடிங் எல்லாம் காய்ஞ்சு போச்சு. கோவை, திருப்பூர் பக்கம் தகடு வெட்டி ஒட்டி நல்லா டிங்கரிங் பண்ற ஆள் யாருங்க? பீடிங் புதுசு கிடைக்குமா, பழைய வண்டியில் இருந்துதான் கழட்டணுமா?

இன்னொண்ணு: 2028-ல் மறுபடி ஆர்.சி. புதுப்பிக்கணும். அதுக்குள்ள இந்தச் செலவு தகுமா? சமீபத்தில் இந்த வேலை பண்ணினவங்க எவ்வளவு ஆச்சுன்னு மட்டுமாவது சொல்லுங்க. 'வித்துடு'ங்கிற ஆலோசனை வேண்டாம்ங்க, அது வீட்டுலயே நிறைய கிடைக்குது.