மகளுடைய முதல் ரிமோட் விமானம் மூன்று முறை விழுந்துவிட்டது: அடுத்து எதை வாங்குவது?

கோட்டையூரான் | வெள்ளி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். கோடை விடுமுறைக்காக மகளுக்கு ரிமோட் விமானம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இதுவரை மூன்று முறை பறக்கவிட்டோம். மூன்று முறையும் பத்து நொடிகூடத் தாக்குப்பிடிக்காமல் மூக்குக் குத்தி விழுந்தது. மூன்றாவது முறை அடுத்த வீட்டு மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த கூழ்வற்றல்மேல் விழுந்துவிட்டதால், அந்த வீட்டு ஆச்சியிடம் நானும் மகளும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு விமானத்தை வாங்கி வந்தோம். இந்த விமானமே சரியில்லை என்று நினைக்கிறேன். முதன்முதலாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது எது என்பதையும், குழந்தைக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பள்ளி திறக்க மூன்று வாரமே இருக்கிறது. நாளை மாலைக்குள் ஆர்டர் போட வேண்டும்.

புதுவயல் பொறியாளர் | வெள்ளி, இரவு 10.05

மகளுக்கு என்ன வயது, இப்போது வைத்திருப்பது எந்த வகை விமானம், இறக்கை உடலுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, எத்தனை சேனல் (ரிமோட்டால் தனித்தனியாக இயக்கக்கூடிய கட்டுப்பாடுகள்), என்ன எடை, ரிமோட்டை யார் பிடித்திருந்தீர்கள், எங்கே, எந்த நேரத்தில் பறக்கவிட்டீர்கள் என்று எதையுமே சொல்லவில்லையே. கூழ்வற்றல் மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது. இவற்றைச் சொன்னால்தான் புதிது வாங்க வேண்டுமா என்பதையே முடிவு செய்ய முடியும்.

மதுரைப் பறவை | வெள்ளி, இரவு 10.30

காற்றுதான் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கத்திரி வெயிலில் பொட்டல் தரை அடுப்புக்கல்போலச் சூடேறியிருக்கும். முற்பகல் பதினொரு மணிக்கு மேல் அங்கிருந்து எழும் வெப்பக்காற்று இலேசான விமானத்தை ஒரு நொடி தூக்கி அடுத்த நொடி கீழே போட்டுவிடும். காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள், பனையோலை அசையாத நேரம் பார்த்துப் போங்கள். அந்த நேரத்தில் எந்த விமானமும் பறக்கும்.

பால்சா வாத்தியார் | வெள்ளி, இரவு 11.10

தம்பி, இந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ முறை பதில் எழுதியாகிவிட்டது; கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் புரட்டிப் பார்க்கும் பொறுமைகூட இல்லாதவருக்கு விமானம் பழகும் பொறுமை எங்கிருந்து வரப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். உங்கள் விமானம் சித்திரையிலேயே விழுகிறது என்றால் குறை காற்றில் இல்லை. பெட்டியைத் திறந்ததும் பறக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இருக்கிறது. நாங்கள் பழகிய காலத்தில் பால்சா என்ற இலேசான மரப்பலகையை வெட்டி, விலாச்சட்டங்களைக் கோத்து, தாள் ஒட்டி, மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும் க்ளோ எஞ்சினைக் கையால் சுண்டிக் கிளப்பினோம். தன் கையால் கட்டியவனுக்கு அது ஏன் விழுந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோட்டையூரான் | சனி, காலை 7.15

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். மகளுக்கு ஒன்பது வயது. விமானம் ஃபோமில் செய்தது. இறக்கை மேலேதான் இருக்கிறது, முனைக்கு முனை ஒரு மீட்டர், மூன்று சேனல். ரிமோட்டை முதல் இரண்டு முறை நானும் கடைசி முறை அவளும் பிடித்திருந்தோம். முதல் இரண்டு முறை வீட்டுக்குப் பின்னால் உள்ள பொட்டலிலும், கடைசி முறை எங்கள் மொட்டைமாடியிலிருந்தும் மாலை நான்கு மணி அளவில் விட்டோம். சார்ஜ் குறைவு என்று நினைக்க வேண்டாம். அதிக நேரம் பறக்கட்டும் என்று முதல் நாளே பெரிய பேட்டரியாக வாங்கிப் போட்டிருக்கிறேன். மூன்று சேனல் போதுமா, நான்கு சேனல் வாங்க வேண்டுமா?

கண்மாய்க்கரை | சனி, காலை 8.00

சேனல் கணக்கை விடுங்கள். கைரோ உள்ள விமானமாக வாங்குங்கள். சாய்ந்தால் தானே நிமிர்த்திக்கொள்ளும், ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தாலும் நேராகவே போகும். என் தம்பி மகன் அப்படி ஒன்றில்தான் ஒரே வாரத்தில் பழகினான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிட எளிய வழி இல்லை.

பால்சா வாத்தியார் | சனி, காலை 8.20

தானே நிமிர்ந்துகொள்ளும் விமானத்தில் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும் என்று கண்மாய்க்கரை சொல்ல வேண்டும். கைரோவை நிறுத்திய அன்று அந்தப் பையன் என்ன ஆனான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

கண்மாய்க்கரை | சனி, காலை 8.35

நடைவண்டி பிடித்து நடந்த பிள்ளைகள் எல்லாம் இன்றும் நடைவண்டியோடுதான் அலைகிறார்களா ஐயா? முதல் வாரத்தில் முழு உதவி, அடுத்த வாரத்தில் பாதி உதவி, அப்புறம் நிறுத்திவிட வேண்டியதுதான். அதற்கென்றே ரிமோட்டில் ஒரு சுவிட்சு வைத்திருக்கிறார்கள்.

பால்சா வாத்தியார் | சனி, காலை 8.50

நடைவண்டிக்குக் கால் வலு தேவை. கைரோவுக்கு எதுவும் தேவையில்லை. அதுதான் வேறுபாடு.

தேவகோட்டை ஆசிரியை | சனி, காலை 10.10

நீங்கள் இருவரும் இதை வேறொரு நாள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மகனுக்கும் பிறகு என் தங்கை மகளுக்கும் நான்தான் பழக்கினேன். அதில் கண்டதைச் சொல்கிறேன். தொடக்கத்துக்கு மூன்று சேனல் தாராளமாகப் போதும். மோட்டார் வேகத்தை மாற்றும் த்ராட்டில், இடவலம் திருப்பும் ரட்டர், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் மூன்றும் இருந்து, இறக்கை மேலே அமைந்து, அதன் இரு முனைகளும் சற்று மேல்நோக்கி வளைந்திருந்தால் விமானம் தன்னாலேயே சமநிலைக்குத் திரும்பப் பார்க்கும். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதற்காக இறக்கை கீழே உள்ள போர் விமான மாதிரியையும், எலிவேட்டர் இல்லாமல் இரண்டு மோட்டார்களின் வேகத்தை மட்டும் மாற்றித் திரும்பும் பொம்மை விமானத்தையும் வாங்கிவிடாதீர்கள். முதலாவது தவறை மன்னிக்காது, இரண்டாவதில் ஏறவும் இறங்கவும் நம் கையில் எதுவும் இல்லை.

கற்றுக்கொடுக்கும்போது முதலில் ரிமோட்டைத் தராதீர்கள். கையால் எறியும் ஃபோம் கிளைடர் ஒன்றை வாங்கி, அதன் மூக்கில் களிமண்ணை ஒட்டியும் எடுத்தும் எறிந்து பார்க்கச் சொல்லுங்கள். எடை எங்கே இருந்தால் விமானம் எப்படிப் போகிறது என்பது அரை மணி நேரத்தில் அவளுக்கே பிடிபட்டுவிடும். அடுத்து ஒரு வாரம் கணினியில் சிமுலேட்டர். அதற்கும் பிறகு, கிளப்புவதையும் இறக்குவதையும் நீங்கள் வைத்துக்கொண்டு, விமானம் மூன்று பனை உயரம் போனதும் ஸ்டிக்கை அவள் கையில் கொடுங்கள். அந்த உயரத்தில் அவள் தவறு செய்தால் வாங்கித் திருத்த உங்களுக்கு நேரம் இருக்கும். இரண்டு ரிமோட்டுகளை இணைத்து, ஆசிரியர் சுவிட்சை விட்டதும் கட்டுப்பாடு ஆசிரியருக்கே திரும்பிவிடும் வசதி இருந்தால் மிகவும் நல்லது. ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

பிள்ளைகள் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்றுதான். விமானம் நம்மைவிட்டுப் போகும்போது வலது என்றால் வலதுதான். நம்மை நோக்கி வரும்போது இடவலம் மாறிவிடும். என் மகனுக்கு விளக்கி விளக்கி நான் அலுத்துப்போய், கடைசியில் "எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு, முட்டுக் கொடுத்ததுபோல அது நிமிரும்" என்று சொன்னேன். அன்று மாலையிலிருந்து அந்தச் சிக்கல் இல்லை.

தயவுசெய்து மொட்டைமாடியிலிருந்து விடாதீர்கள். வற்றல்மேல் விழுந்தது நல்லகாலம். சுழலும் புரொப்பெல்லர் ஆச்சியின் கையில் பட்டிருந்தால் என்ன ஆவது?

கண்மாய்க்கரை | சனி, காலை 11.00

இடம்தான் வேண்டும் என்றால் வேட்டங்குடிப் பக்கம் போகலாம். கோடையில் கண்மாய் வற்றிப்போய் மைதானம்போலக் கிடக்கிறது, மின்கம்பியும் இல்லை.

தேவகோட்டை ஆசிரியை | சனி, காலை 11.15

வேட்டங்குடி 1977ஆம் ஆண்டிலிருந்து பறவைகள் சரணாலயம். கூடு கட்ட வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட அந்த ஊர்க்காரர்கள் வெடி வெடிப்பதில்லை. தண்ணீர் இல்லாத நாள் என்றாலும் அங்கே விமானத்தைக் கொண்டுபோவது முறையல்ல.

மதுரைப் பறவை | சனி, பிற்பகல் 12.05

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் இருக்கிறதே என்று இனி யாராவது சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்: அது அரசுக்கு உரிய இடம், அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. வணிக நோக்கமில்லாமல் இவற்றைப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதியும் தேவையில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் பொட்டல் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காலையில் போங்கள் என்பதை மீண்டும் சொல்கிறேன்.

புதுவயல் பொறியாளர் | சனி, பிற்பகல் 1.30

எல்லோரும் கைரோவிலும் கண்மாயிலும் இருக்கும்போது, அவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு சொல்லை யாரும் கவனிக்கவில்லை. பெரிய பேட்டரி போட்டிருக்கிறேன் என்கிறார். கோட்டையூரான், ஆர்டரைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். அந்தப் பேட்டரியை எங்கே வைத்தீர்கள்? கீழே விழுவதற்கு முன்னால் விமானம் ஒரு கணம் மூக்கை நிமிர்த்தி மேலே எழுந்ததா? இறக்கையின் முன்விளிம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இரு விரல்களால் தாங்கினால் விமானம் சாயாமல் நிற்கிறது?

கோட்டையூரான் | சனி, மாலை 4.45

மூக்குப் பகுதியில் இருந்த பேட்டரி அறைக்குள் பெரியது நுழையவில்லை. அதனால் பழையதை எடுத்துவிட்டு, பெரியதை இறக்கைக்குக் கீழே பின்பக்கமாக வைத்து ரப்பர் பேண்டால் கட்டியிருந்தேன். முதல் முறை விழுந்தபோது வால் உடைந்ததால் சூட்டுப் பசையால் நன்றாக ஒட்டினேன். எழுந்ததா என்று எனக்கு நினைவில்லை, மகளிடம் கேட்டேன். "முதல்ல குதிரை மாதிரி நிமிந்து நின்னுச்சுப்பா, அப்புறந்தான் கவுந்துச்சு" என்கிறாள். இறக்கையின் அகலம் முன்னிருந்து பின்வரை 16 சென்டிமீட்டர். விமானம் 8 சென்டிமீட்டரில் நிற்கிறது.

புதுவயல் பொறியாளர் | சனி, மாலை 5.20

உங்கள் மகள் நம் எல்லோரையும்விடச் சரியாகப் பார்த்திருக்கிறாள். இப்படிப்பட்ட விமானத்தில் எடை மையம், அதாவது விரலில் தாங்கினால் சாயாமல் நிற்கும் இடம், இறக்கை அகலத்தின் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். உங்களுடையதில் அது முன்விளிம்பிலிருந்து 4 முதல் 5 சென்டிமீட்டருக்குள் வரும். 8 என்றால் சரிபாதி. பின்பக்கம் கனத்த விமானம் கையைவிட்டதும் மூக்கைத் தூக்கும். தூக்கத் தூக்க வேகம் குறையும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் இறக்கை தாங்கும் திறனை இழந்துவிடும், உடனே மூக்குக் கவிழும். நீங்கள் கண்டது அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும்தான். வால் எடை மையத்திலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், அங்கே நீங்கள் அப்பிய பசையும் தன் எடையைப்போலப் பல மடங்காக வேலை செய்திருக்கும்.

புதிது வாங்காதீர்கள். பழைய சிறிய பேட்டரியை மூக்கிலேயே வையுங்கள். மிகுதியான பசையைச் சுரண்டி எடுங்கள். அப்படியும் 5 சென்டிமீட்டருக்குள் வராவிட்டால் மூக்கில் எடை சேருங்கள். பிறகு பின்னால் நின்று பார்த்து, ரட்டர் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் ரட்டர் வலப்பக்கம் திரும்புகிறதா, எலிவேட்டர் ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே போகிறதா என்று சரிபாருங்கள். மோட்டாரை ஓட்டாமல், காலையில், உயரமான புல் உள்ள இடத்தில், காற்றுக்கு எதிரே, தோள் உயரத்திலிருந்து நேராக எறியுங்கள். சீராகச் சறுக்கி இறங்கினால் மட்டும் அடுத்த முறை மோட்டாரைப் போடுங்கள்.

இன்னொன்று. மூன்று முறை விழுந்த பேட்டரி உப்பியிருந்தாலோ உறை நசுங்கியிருந்தாலோ மறுபடி சார்ஜ் போடாதீர்கள். நல்ல பேட்டரியையும் ஆள் அருகில் இருக்கும்போதே சார்ஜ் போடுங்கள். லித்தியம் பாலிமர் பேட்டரி தீப்பிடித்தால் எளிதில் அணையாது. நம் பக்கத்து வீடுகளில் தூணும் நிலையும் பர்மாத் தேக்கு. வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்த வெறுந்தரையில், மணல் பரப்பிய மண்சட்டிக்குள் வைத்துச் சார்ஜ் போடுவதுதான் என் வழக்கம். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடவும் வேண்டாம்.

பால்சா வாத்தியார் | சனி, மாலை 6.00

எடை மையத்தைத்தான் நானும் சொல்ல வந்தேன். தன் கையால் கட்டியிருந்தால் தெரிந்திருக்கும் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம்.

கண்மாய்க்கரை | சனி, மாலை 6.10

முதலில் எழுதியதில் எடை மையம் என்ற சொல் எங்கே இருக்கிறது ஐயா? ஆமணக்கெண்ணெய்தான் இருக்கிறது.

மதுரைப் பறவை | ஞாயிறு, காலை 9.30

என்ன ஆயிற்று, கோட்டையூரான்? இன்று காலை இங்கே காற்றே இல்லை.

கோட்டையூரான் | புதன், இரவு 8.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். சிறிய பேட்டரியோடு மூக்கில் இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை ஒட்டியதும் 5 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது. இன்று காலை ஆறரைக்கு விட்டோம். நான் கிளப்பினேன், மகள் 40 நொடி ஓட்டினாள், இறக்கத் தெரியாமல் சீமைக்கருவேலமரத்தில் நான் இறக்கினேன். விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கையெல்லாம் முள். புதிது எதுவும் வாங்கவில்லை. ஆசிரியை அவர்கள் சொன்னபடி எறி கிளைடர் மட்டும் வாங்கப்போகிறேன். அனைவருக்கும் நன்றி.

பால்சா வாத்தியார் | புதன், இரவு 8.40

நாணயத்தை எந்தப் பசையால் ஒட்டினீர்கள்? சாதாரண உடனடிப் பசை சிலவகை ஃபோமை அரித்துவிடும் என்பதையாவது யாராவது உங்களிடம் சொன்னார்களா?

பால்சா வாத்தியார் | வெள்ளி, காலை 7.05

பதிலைக் காணோமே, தம்பி.