ஜப்பானிய ஆவிக் காதல் கதை எழுதிப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தோக்கியோவில் வேலை, ராத்திரியில் தமிழில் கதை எழுதுவது. மூன்று வருடமாக நான் எழுதுவதெல்லாம் ஜப்பானிய ஆவிக் கதைகள்தான். அதிலும் செத்துப்போனவளுக்கும் உயிரோடு இருப்பவனுக்கும் நடுவே மோகம் மூளும் கதைகள். வேற்று மண்ணில் பிறந்தவன் இதைத் தொடலாமா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை. இங்கே வேறு சிலரும் எழுதிப் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியும். முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் முதல் கதையில் மழை இரவு. கிமோனோவின் வலது பக்கத்தை இடது பக்கத்தின் மேல் இழுத்து மூடியபடி ஒருத்தி கதவைத் திறக்கிறாள். அப்போது அவள் உயிரோடுதான் இருக்கிறாள், சாவது கடைசியில். எங்கள் பேட்டைச் சமூகக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஜப்பானிய மொழி சொல்லித்தரும் அம்மா ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர். அவரிடம் என் அரைகுறை ஜப்பானிய மொழியில் இந்தக் கதையைச் சொன்னேன். கதவு திறக்கும் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். தன் ஸ்வெட்டர் மேலேயே இரண்டு கைகளையும் வைத்து, முதலில் வலது, அதன் மேல் இடது என்று நிதானமாக மூடிக் காட்டினார். "உயிரோடு இருப்பவர்கள் இப்படித்தான் உடுத்துவோம். நீங்கள் சொல்வது பிணத்துக்கு உடுத்தும் முறை. கதவைத் திறக்கும்போதே அவள் செத்துவிட்டாளே!" என்றார்.

அதோடு விடவில்லை. அவள் அழகைப் பற்றி மூன்று பத்தி எழுதியிருந்தேன்; தோள், இடை, ஈரத்தில் ஒட்டிய துணி எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிடரியைப் பற்றி ஒன்றுமே இல்லையா?" என்றார். கொண்டை போட்டு, கிமோனோவின் கழுத்துப்பட்டியைப் பின்னால் சற்று இறக்கிவிட்டால் பிடரி தெரியும். மற்றதெல்லாம் மூடியிருக்க, திறந்திருக்கும் அந்த நான்கு விரல் இடத்தில்தான் பார்க்கிறவன் மனசு போய் நிற்கும். மூன்று பத்தியையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினேன். அவள் விளக்கேற்றக் குனிகிறாள், அவன் பின்னால் நிற்கிறான், அவ்வளவுதான். கதைக்குச் சூடு வந்தது அந்த வரியில்தான்.

அப்புறம்தான் எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்னைப் பற்றித் தேடிப் படித்தேன். 1850இல் கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்தவர். 1890இல் ஜப்பானுக்கு வந்து, மத்சுவே ஊரில் ஆசிரியராக இருந்து, சாமுராய்க் குடும்பத்துப் பெண்ணான கொய்சுமி செத்சுவை மணந்தவர். ஜப்பானியக் குடியுரிமை பெற்று, 1904இல் தோக்கியோவில் இறந்தார். ஜப்பானியப் பேய்க்கதைகளை உலகமே இவர் வழியாகத்தான் படித்தது. ஆனால் பல கதைகளை அவருக்குச் சொன்னவர் செத்சு. புத்தகத்தைப் பார்த்து வாசிக்கக் கூடாது, உன் சொல்லில், உன் நினைப்பில் சொல் என்பாராம் ஹெர்ன். விளக்குத் திரியை இறக்கிவிட்டு செத்சு சொல்லச் சொல்ல, பயத்தில் முகம் வெளுக்கக் கேட்பாராம். அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும், செருப்புச் சத்தம் உன் காதில் எப்படிக் கேட்கிறது, அன்றைய ராத்திரி எப்படிப்பட்டது என்று திரும்பத் திரும்பக் கேட்பாராம். செத்சுவே தன் நினைவுக் குறிப்பில் இதைச் சொல்லியிருக்கிறார். எனக்கு இது பெரிய தெம்பு. சொல்வதற்கு அந்த மண்ணின் ஆள் ஒருவர் வேண்டும், நமக்குக் காது வேண்டும்.

சரி, உங்களுக்கு என்ன நடந்தது?

*

பதில்

அண்ணா, செருப்புச் சத்தம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 'பொத்தான் தோரோ' என்ற பியோனிப் பூ விளக்குக் கதையைத் தமிழில் என் போக்கில் திருப்பி எழுதினேன். செத்துப்போன ஒத்சுயு, விளக்கேந்திய தோழியோடு இரவுதோறும் காதலன் வீட்டுக்கு வருகிறாள். பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்க்கிறான். உள்ளே அவன் கட்டிக்கொண்டிருப்பது எலும்புக்கூட்டை. மந்திரச் சீட்டு ஒட்டி வாசலை அடைக்கிறார்கள். நூறு ரியோ பொன்னுக்காக அந்தப் பக்கத்து வீட்டுக்காரனே சீட்டைப் பிய்த்துவிடுகிறான்.

ஜப்பானியப் பேய்களுக்குக் கால் கிடையாது என்பார்கள். இவளுக்கோ மரச்செருப்புச் சத்தம்தான் அடையாளம்: கரன் கொரோன், கரன் கொரோன். நான் முதலில் அதைக் கொலுசுச் சத்தமாக்கி, கூடவே மல்லிகை வாசமும் போட்டுவிட்டேன். படித்தவர்கள் எல்லோரும் "மோகினி நல்லா வந்திருக்கா" என்று பாராட்டினார்கள். எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை. ஒத்சுயுவை நான் துரத்திவிட்டு வேறு ஒருத்தியை உட்கார வைத்திருந்தேன். இரண்டாவது தடவை கொலுசையும் பூவையும் எடுத்துவிட்டு, 'கரன் கொரோன்' என்றே விட்டேன். சலசல, கலகல என்று பேசும் நம் காதுக்கு அது உறுத்தவே இல்லை.

'தொடலாமா' என்ற உங்கள் கேள்விக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதையே சீனத்திலிருந்து வந்தது. அங்கே அது விளக்குத் திருவிழா இரவில் நடக்கிறது. 1666இல் அசாய் ரியோய் அதை ஜப்பானியத்தில் மாற்றி எழுதியபோது, இறந்தவர்கள் வீடு திரும்பும் 'ஓபோன்' நாளுக்குக் கொண்டுவந்தார். அந்த ஒரு மாற்றத்தில் கதை அந்த ஊர்க் கதையாகிவிட்டது. விளக்கு வாசலில் எரிவதற்கு அங்கே வேறு அர்த்தம் இருக்கிறது இல்லையா?

*

பதில்

சின்னதாக ஒன்று. அந்தக் கதையை மேடையில் சொல்லிப் பிரபலமாக்கிய சன்யூத்தெய் என்சோ சேர்த்துவைத்த பேய் ஓவியங்களைத் தோக்கியோ யானகாவில் உள்ள சென்ஷோ-ஆன் கோயிலில் ஆகஸ்ட் மாதம் பார்வைக்கு வைக்கிறார்கள். அவர் கல்லறையும் அங்கேதான். போய்ப் பார்த்தேன். கலைந்த கூந்தல், வெளிறிய உடை, இடுப்புக்குக் கீழே மை அப்படியே பட்டில் கரைந்துபோகிறது. ஓர் ஓவியத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். பயம் வரவில்லை. யாரோ இவளைக் காக்க வைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. என் கதை அங்கிருந்து தொடங்கியது.

*

பதில்

நன்றி, இருவருக்கும். கொலுசை எடுத்துவிட்டேன் என்றீர்களே, அந்த இடத்தை இரண்டு முறை படித்தேன்.

போன சனிக்கிழமை திருத்திய கதையை அந்த அம்மாவிடம் மறுபடி சொல்லப் போனேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். நான் ஆரம்பிக்கும் முன்னால், "கொஞ்சம் பொறுங்கள்" என்று எழுந்தார். சுவர்ப் பக்கம் போய் இரண்டு டியூப் லைட்டில் ஒன்றை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.