சரிவு நிலத்தில் வீடு: கருங்கல் கடைக்காலா, காலமா (கான்கிரீட் தூணா)?

கோத்தகிரி_நிலம்
கோத்தகிரிக்குக் கீழே 5 சென்ட் இடம், முன்பு தேயிலை இருந்தது. ரோட்டோரத்திலிருந்து பின் எல்லைக்குள் 50 அடி நீளத்தில் 12 அடி இறக்கம். இரண்டு தளம் கட்ட ஆசை. எங்கள் மேஸ்திரி மேல்பக்கத்தை வெட்டிக் கீழ்ப்பக்கத்தில் கொட்டி மட்டமாக்கி, கருங்கல் கடைக்கால் (அஸ்திவாரம்) போட்டுவிடலாம் என்கிறார். இன்ஜினியர் காலம், அதாவது கம்பி கட்டிய கான்கிரீட் தூண், எழுப்பித்தான் கட்டவேண்டும் என்கிறார். அதற்குக் கடைக்கால் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நானே நடுவில் ஒரு குழி தோண்டிப் பார்த்தேன். இரண்டடிக்குக் கறுப்பு மண், அப்புறம் சிவப்பு மண், ஏழடியில் வெளிறிய மஞ்சள் மண். அதை நனைத்து விரலில் தேய்த்தால் சோப்பு மாதிரி வழுக்குகிறது. யார் பேச்சைக் கேட்பது?

மஞ்சூர்_மேஸ்திரி
தம்பி, 30 வருஷமாக இந்த மலையில் கல் கட்டுகிறவன் சொல்கிறேன், கருங்கல்லே போதும். ஊட்டியில் வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் துரை 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்றும் நிற்கிறது. அதில் கம்பி ஏது, காலம் ஏது? நம் பக்கம் பாதி இடங்களுக்கு லாரி போகாது. ஜல்லியும் சிமென்டும் தலைச்சுமையாக இறங்கவேண்டும். கான்கிரீட்டைக் கையால் கலக்கிப் பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு என்று போட்டால் அந்தக் காலம் எதைத் தாங்கும்? மலை ஈரத்தில் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) குறைந்த கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கல்லுக்கு அந்தக் கவலை கிடையாது.

குன்னூர்_சிவில்
அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் அந்த ஒப்பீடு சரியில்லை. அந்தக் காலத்துத் துரைமார் மேட்டில் நல்ல இடமாகப் பார்த்துக் கட்டினார்கள். நமக்குக் கிடைப்பது மிச்சமிருக்கிற சரிவு, அதன்மேல் இரண்டு கான்கிரீட் தளம். கருங்கல் கட்டு மேலிருந்து வரும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஒரு பக்கம் ஓர் அங்குலம் இறங்கினாலும் சுவர் பிளந்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வெட்டிக் கொட்டிய மண்ணில் எந்தக் கடைக்காலும் வேண்டாம். ஜே.சி.பி. இறக்கவே நீலகிரியில் முன் அனுமதி வேண்டும், அது காரணமில்லாமல் வந்த விதி அல்ல. 2009 நவம்பர் மழையில் கேத்தியிலும் அச்சனக்கல்லிலும் மண் சரிந்து எத்தனை உயிர் போனது! 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அப்படி ஒரு மழையில் கொட்டிய மண் முழுக்க ஊறும், எடை கூடும், பிடிப்பு போகும். அதோடு ஏழடியில் நீங்கள் பார்த்த அந்த வழுக்கு மண்மேல் சேர்ந்து நகரும்.

ஒவ்வொரு ஃபுட்டிங்கும் (காலத்தின் அகலமான அடிப்பாகம்) அசல் மண்ணுக்குள் இறங்கட்டும். கடைக்காலுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1904-இன்படி ஃபுட்டிங்கின் கீழ் விளிம்பிலிருந்து சரிவின் முகம் வரை கிடைமட்டமாக, மண் என்றால் 90 செ.மீ., பாறை என்றால் 60 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். நீலகிரியில் 7 மீட்டருக்கு மேல் உயரம் கிடையாது, அதனால் பாரம் குறைவு. பைல் (ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண்) வரைக்கும் போகவேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

மஞ்சூர்_மேஸ்திரி
வெட்டிக் கொட்டச் சொன்னது அவருடைய மேஸ்திரி, நான் இல்லை சார். நான் சொல்வது படிவெட்டு. வானத்தை, அதாவது கடைக்காலுக்குத் தோண்டும் பள்ளத்தை, சரிவோடு படிக்கட்டு மாதிரி இறக்கி, ஒவ்வொரு படியையும் மட்டம் பார்த்து, கெட்டி மண்ணில் கல் உட்காரவேண்டும். அந்தக் கல் கட்டின் மேலே சுற்றிலும் கம்பி கட்டிய பட்டை மாதிரி ஒரு பெல்ட் கான்கிரீட். இது பிளக்காது.

பண்ணைக்காட்டு_வீடு
நான் பழனிமலைப் பக்கம். எங்கள் வீடு காலம் போட்டுக் கட்டியதுதான். இரண்டாவது மழைக்காலத்தில் பின் அறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் வந்தது. அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தேன். ஐப்பசியில் தலைமுடி அளவு, மார்கழிக்குள் ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தது. கோடும் ஒரு சாண் தாண்டிவிட்டது. பின்பக்கம் தோண்டியபோதுதான் தெரிந்தது. இரண்டு ஃபுட்டிங் நாலடி ஆழம்தான், அந்த நாலடியும் கொட்டிய மண். கட்டிக்கொடுத்தவர் அசல் மண்ணைத் தொடவே இல்லை. போதாததற்கு, சரிவில் எங்களுக்கு மேலே இருக்கிற வீட்டு செப்டிக் டேங்க் உறிஞ்சுகுழித் தண்ணீர் நேராக அங்கேதான் இறங்கிக்கொண்டிருந்தது. கல்லா காலமா என்று கேட்டோமே தவிர, தண்ணீர் எங்கே போகும் என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை. இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

குன்னூர்_சிவில்
மன்னியுங்கள் அக்கா, அதையும் நான் முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். வீட்டுக்கு மேல்பக்கம் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் ஓடைக்குத் திருப்பவேண்டும். தாங்குசுவரில் நீர் வடிய ஓட்டையும், அதன் பின்னால் உடைகல் நிரப்பும் வேண்டும். ஆனாலும் உங்கள் வீட்டில் காலங்களை இணைக்கும் பீம் பாரத்தைப் பிடித்துக்கொண்டதால்தான் விரிசலோடு நின்றது. வெறும் கல் கட்டாக இருந்தால் சுவரே இறங்கியிருக்கும்.

மஞ்சூர்_மேஸ்திரி
இதை ஏற்கமாட்டேன் சார். கல் கட்டென்றால் வானம் முழுக்கத் திறந்து கிடக்கும், அடிமண் என்னவென்று வீட்டுக்காரரே பார்த்துக் கேட்கலாம். குழியில் காலம் போட்டு மூடினால் யாருக்குத் தெரியும்?

குன்னூர்_சிவில்
அதற்காகக் காலத்தை விடமுடியாது அண்ணே, குழியைப் பார்க்காமல் கான்கிரீட் போட விடக்கூடாது. காலத்திலும் ஆபத்து உண்டு: மேல்பக்கம் குட்டை, கீழ்ப்பக்கம் நெட்டை என்று நின்றால் நிலநடுக்கத்தில் அதிக அடி குட்டைக் காலத்துக்குத்தான். அதைக் கணக்குப் போட்டு டிசைன் செய்யவேண்டும். கண் மதிப்பில் ஆகாது.

கோத்தகிரி_நிலம்
எல்லோருக்கும் நன்றி. வெட்டிக் கொட்டும் யோசனையை விட்டாயிற்று. இன்று கீழ் மூலையில் இரண்டாவது குழி தோண்டினேன். நாலடியிலேயே வழுக்கு மண், ஒரு மணி நேரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மழை நின்று மூன்று வாரமாகிறது. முன்பு அங்கே ஊற்று இருந்தது, பெண்கள் தேயிலை பறிக்கும்போது அதில்தான் குடிப்பார்கள் என்று அப்பா இப்போதுதான் சொல்கிறார். வரைபடத்தில் அந்த மூலையில் பின் படுக்கையறை இருந்தது. வீட்டை ரோட்டுப் பக்கமாகச் சுருக்கி, ஓர் அறை குறைத்து வரையச் சொல்லிவிட்டேன். மண் பரிசோதனைக்கு ஆள் அடுத்த வாரம் வருகிறார். முடிவைப் போடுகிறேன், அப்போது கல்லா காலமா என்று சொல்லுங்கள்.